காமினியின் மொட்டை

தைப்பூச விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, காமினி மொட்டைத் தலையுடன் வந்து நின்றாள்.

ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பெரிய இடைநிலைப்பள்ளிக்கு மொட்டை ஒன்றும் புதிதல்ல. தைப்பூசம் கழிந்தால் பையன்கள் நாலைந்து பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கிவிட்டு வருவார்கள். ஆனால் பள்ளி முடிக்கப்போகும் ஐந்தாம் படிவத்துப் பெண்ணொருத்தி இடுப்பளவு சடையைக் கொடுத்துவிட்டு வந்தால் வாய்கள் சும்மா இருக்குமா?

கண்டீனில் கேள்விமேல் கேள்வி. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையா? அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டதா? சீனப் பிள்ளைகள் அவளுக்கே ஏதோ நோயென்று பயந்துபோய் சோயா பால் வாங்கிக் கொடுத்தார்கள்.

காமினி எல்லாருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்துவிட்டு சோயா பாலைக் குடித்தாள்.

கூடுதல் கணிதம் எடுக்கும் லோகேஸ்வரி டீச்சருக்கும் மண்டைக் குடைச்சல் தாங்கவில்லை.

அவளுக்கு இருக்கிற வேதனையில் இது தேவைதானா? கணவனும் மூன்று வயது மகளும் நாட்டின் மறுகோடியில், ஜொகூரில். இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டதற்கு, பொங்கலுக்கு முன்னால்தான் மறுபடியும் இல்லையென்று பதில் வந்திருந்தது. போன வாரம் வீடியோ அழைப்பில் குழந்தை நாத்தனாரைப் பார்த்து அம்மா என்றது. இவள் சிரித்துவைத்தாள்.

ஆனாலும் ஆவல் விடவில்லை. வேண்டியது பலித்த பிறகுதானே முடி கொடுப்பார்கள்? அப்படி இந்தப் பெண்ணுக்கு என்னதான் பலித்தது? யாருக்கோ கொடுக்கிற சாமிக்குத் தன் குரல் மட்டும் கேட்கவில்லையே என்று கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

மணி அடித்து மற்றவர்கள் கிளம்பியதும் காமினியை நிறுத்திவைத்தாள்.

“எனக்கு மட்டும் சொல்லேன். அப்படி என்னம்மா வேண்டிக்கிட்ட?”

காமினி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“நீங்க மாத்தல் கேட்டிருக்கீங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க டீச்சர். நீங்க போயிட்டா என் மேட்ஸ் அவ்ளோதான் லா. எஸ்.பி.எம். பரீட்சை முடியிற வரைக்கும் உங்களை எங்கேயும் அனுப்பாதேன்னு முருகன்கிட்ட கேட்டேன். குடுத்துட்டாரு!”

சொல்லும்போதே அவள் முகம் பூரித்துப்போயிருந்தது.

லோகேஸ்வரிக்கு அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. உட்காரச் சொல்லி, விடுமுறைக்குக் கொடுத்த கணக்கை எடுக்கச் சொன்னாள்.

தனக்கொரு மகள் இருப்பதை அவள் இந்த வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை.