ரிவால்வரா, பிஸ்டலா?

“ரிவால்வர்தான் நல்லது, அண்ணை. பிஸ்டல் எண்டால் அவசரத்துக்குச் சிக்கிக்கொள்ளும்” என்றார் எதிர்வீட்டு மகேந்திரராஜா. வாழ்நாளில் இரண்டையும் தொட்டுப் பார்த்திராதவர்.

கதிர்காமநாதன் மேசையில் விரித்திருந்த துவக்குப் படப்புத்தகத்தின் மேல் குனிந்தார். கிரவீன் புறநகரில் அவர்களுடைய வீதியில் மூன்று மாதத்துக்குள் நான்கு தமிழ் வீடுகள் உடைபட்டுவிட்டன. எல்லாம் பட்டப்பகலில், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து. ஆள் இல்லையென்று கள்ளருக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்பதே வீதி முழுக்கப் பேச்சு.

கடைசியாக உடைபட்டது பக்கத்து வீட்டு யோகராணியுடையது. அட்டியல் முதல் பிள்ளையின் காப்பு வரை போய்விட்டது. ஆறுதல் சொல்லப் போன கதிர்காமநாதனின் மனைவி இரஞ்சிதம், அழுகிறவளைக்கூட மறந்து, அந்த வீட்டு வாசற்படியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதே இரஞ்சிதம் இப்போது தேநீரைக் கொண்டுவந்து படப்புத்தகத்தின் மேலேயே வைத்தாள்.

“துவக்குச் சத்தம் கேட்காத இடம் எண்டுதானே இஞ்ச வந்தனாங்கள். அது இந்த வீட்டுக்குள்ள வந்தால் எனக்கு நித்திரை வராது” என்றாள்.

“நான் பின்னேர வேலைக்குப் போக, நீர் தனிய இருக்கிறீர். அதை நினைச்சு எனக்கு இப்பவே நித்திரை இல்லை” என்றார் கதிர்காமநாதன்.

இரண்டுமே அன்பில் வந்த பேச்சு. ஆனால் இருவரும் மசியவில்லை.

அடுத்த நாள் அவர் பரமட்டாவில் ஒரு துவக்குக் கடைக்குப் போனார். வீட்டுக் காவலுக்கு என்றதும் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். சட்டம் இறுகி இரண்டு வருடமாகிறது. காவலுக்கென்று கேட்டால் அனுமதி கிடையாது. சுடுகிற கிளப்பில் சேர்ந்து, மாதக்கணக்கில் பழகி, பிறகு வாங்கலாம். வாங்கினாலும் துவக்கை ஒரு பெட்டியிலும் ரவையை இன்னொரு பெட்டியிலும் பூட்டி வைக்கவேண்டும்.

கேட்ட இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பெட்டியையும் திறக்கும்வரை கள்ளனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்கிறேன் என்றாள்.

கதிர்காமநாதனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கிளப்பில் சேருவது என்று முடிவே செய்துவிட்டார். பெட்டியைப் பூட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னார். அதன்பிறகு இரஞ்சிதம் சிரிக்கவில்லை.

மூன்று கிழமை போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டு, இரஞ்சிதத்துக்குச் சொல்லாமல் கிளப்பைப் போய்ப் பார்த்தார். அனுமதிப் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கமாக இரவு பதினொரு மணிக்கு வருகிறவர், பின்னேரம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தார்.

வாசற்படியில் காலை வைக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

படியில் ஒரு சோடி சப்பாத்து கிடந்தது. கணுக்காலுக்கு மேலே ஏறுகிற, சேறு காய்ந்த வேலைச் சப்பாத்து. கதிர்காமநாதன் தன் இரண்டு காலையும் ஒன்றுக்குள்ளேயே விட்டு நடக்கலாம். அவருக்குத் தெரிந்த எந்தத் தமிழனுக்கும் அந்தக் கால் கிடையாது.

இரஞ்சிதத்தின் செருப்பைக் காணவில்லை. அப்படியென்றால் அவள் வழக்கம்போல மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே படிவம்தான் இருந்தது.

கதிர்காமநாதன் ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது. மகேந்திரராஜா வீட்டுத் தொலைபேசியில் பொலிசை அழைத்தார். கையில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் குசினி யன்னலோடு சேர்த்து அவனைச் சுட்டிருப்பேன் என்று மூச்சு வாங்க மகேந்திரராஜாவிடம் சொன்னார்.

பத்து நிமிடத்தில் பொலிஸ் வந்தது. இளம் பொலிஸ்காரி சப்பாத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திருட வந்தவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டா உள்ளே போனான் என்று கேட்டாள்.

எங்கள் வீட்டுக்குள் யாரும் சப்பாத்தோடு வருவதில்லை என்றார் கதிர்காமநாதன், பெருமையோடு.

அவள் கதவைத் தட்டினாள். உள்ளே காலடி கேட்டது. கதவு திறந்தது.

நெற்றியில் தைலப் பூச்சும் கையில் அலுமாரியெல்லாம் தேடி எடுத்த கொத்தமல்லிப் போத்தலுமாக இரஞ்சிதம் நின்றாள். தலையிடி என்று அவள் கோயிலுக்கே போகவில்லை.

கதிர்காமநாதன் குசினி யன்னலைப் பார்த்தார். அதோடு சேர்த்துச் சுட்டிருப்பேன் என்று தான் சொன்னதை நினைத்தார். துவக்கு அனுமதிப் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார், பிறகு நாலாகவும் கிழித்தார். இரஞ்சிதத்துக்குக் காரணம் விளங்காவிட்டாலும் முகம் மலர்ந்துவிட்டது.

“இந்தச் சப்பாத்து ஆருடையது?” என்று அவர் கேட்டார்.

“எங்கட வாசலில செருப்பை எண்ணித்தான் கள்ளர் வீட்டுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு அறியினம். யோகராணி வீட்டுப் படி வெறுமையாய்க் கிடந்தது. அதுதான் பழைய சாமான் கடையில இதை வாங்கி, நீங்கள் வேலைக்குப் போனதும் வெளியில வைச்சு, என்ர செருப்பை உள்ளுக்க எடுத்து வைக்கிறனான்” என்ற இரஞ்சிதம், வாசலில் நின்ற பொலிஸ்காரியையும் வியர்த்துப்போன கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மூண்டு கிழமையாய் வைக்கிறன். இதைப் பார்த்து ஓடின முதல் ஆள் நீங்கள்தான்.”