கத்தி வேண்டாம் என்றவர்

"மூலத்துக்கா கத்தி? வேண்டவே வேண்டாம், சொந்தங்களே. இந்தப் பட்டைக் கஷாயம் ஒரு பாட்டில் போதும்."

கானாவின் குமாசி நகரத்திலிருந்து கிளம்பிய வேனில் எழுந்து நின்று, பயணம் நலமாக முடிய ஜெபம் செய்துவிட்டு, சார்பொங் தன் வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார்.

டிரைவர் அம்போஃபோ போன வியாழன்தான் மூலத்துக்கு அறுவை செய்துகொண்டவர். மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"டிரைவர், நல்லாக் கேட்டுக்குங்க. உங்களுக்குத்தான் சொல்றார்," என்றாள் மீன்காரி செர்வா.

அம்போஃபோ சிரிக்கவில்லை. உச்சி வெயிலில் அவர் தோள் நடுங்கியது.

சார்பொங் பேச்சை நிறுத்தினார். "ஏன் தம்பி, குளிருதா?"

"லேசா."

"வலி குறையுதா, கூடுதா?"

"கூடுது. அறுத்தா வலிக்காதா?"

"இன்னைக்கு ஒண்ணுக்குப் போனியா?"

வேனே சிரித்தது. "அதுக்கும் பாட்டில் வச்சிருக்கீங்களா?" என்றாள் செர்வா.

"நேத்துலேர்ந்து வரலை," என்றார் அம்போஃபோ மெல்ல.

"ஓரமா நிறுத்து. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இதுக்கா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். சாவுக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கிட்டு வந்து அழுறதுக்கு அது தேவலை."

பின்சீட்டு வாத்தியார் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். வேன் திரும்பியது.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றாள் செர்வா. "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, 'பாருங்க, கத்தி பண்ணின வேலையை'ன்னு கத்தப் போறார். கஷாயப் பெட்டி காலியாயிடும்."

சார்பொங் வாத்தியாரை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னார்.

அம்போஃபோவைத் தாங்கி எல்லோரும் உள்ளே போனார்கள். சார்பொங் மட்டும் வேனருகிலேயே நின்றார்.

"வாங்க உள்ள. கத்தின்னா அவ்வளவு பயமா?" செர்வா திரும்பி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள்.

"புண்ணுல கிருமி ஏறியிருக்கு. எப்பவோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும். ஆனா வேகமாப் பரவும். சீக்கிரம் கொண்டுவந்தீங்க, ஊசி மருந்துக்கு அடங்குது. பொழைச்சுக்கிட்டார்."

வாத்தியார் நன்றிப் பாட்டு எடுத்தார். எல்லோரும் கைதட்டிப் பாட, செர்வா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே ஆடினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவரை நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அட, சார்பொங் அண்ணா! போன வருஷம் உங்களுக்கு மூலம் அறுத்தப்போ, இதே காய்ச்சலை மூணு நாள் வெளியில சொல்லாம பாதி உயிரா வந்து சேர்ந்தீங்களே, இப்பவாவது வலியில்லாம உட்கார முடியுதா?"