நெஞ்சில் கட்டிய பெட்டி

தேசிகனின் மார்பில் ஐந்து ஒயர்களை ஒட்டி, சின்ன காஞ்சிபுரத்துக்கே புதிதாக வந்திருந்த அந்தப் பெட்டியை அவர் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார் டாக்டர்.

"இது ஒவ்வொரு துடிப்பையும் பதிவு பண்ணும். இதயம் திடீர்னு நின்னுபோற ஆபத்து இருக்கான்னு காட்டிடும். நாளைக்குக் காலை வரைக்கும் கழற்றக் கூடாது. நெஞ்சு வலிச்சா மணியைக் குறிச்சு வைங்க. மாமி, மாமா மனசு நோகாம பாத்துக்குங்க."

"நானே குறிச்சுக்கறேன்" என்றாள் நாமகிரி. இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை போடாத காபியை நீட்டினாள். அவர் மார்பைப் பிடித்தார். ஒன்பதே கால் என்று எழுதிக்கொண்டாள்.

மதியம் சாத்தமுதில் உப்பில்லை என்றார். "வேணும்னா எழுந்து போய்ப் போட்டுக்கோங்கோ" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டறியாத பதில். மறுபடி மார்பைப் பிடித்தார். பன்னிரண்டரை.

மாலையில் அருகில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "நம்ம பொண்ணு லக்ஷணா, நீங்க வேண்டாம்னு சொன்ன அந்தப் பையனைத்தான் பண்ணிக்கப் போறா. ஆவணியில முகூர்த்தம் வெச்சாச்சு."

"நெஞ்சை அடைக்கறதுடி, என்னைக் கொன்னுடாதே" என்று சாய்ந்தார் தேசிகன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து.

மறுநாள் டாக்டர் பெட்டியின் பதிவையும் அவள் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "நீங்க குறிச்ச மூணு நேரத்துலயும் ஒரு துடிப்புகூடத் தப்பலை. இருபது வயசுப் பையனோட இதயம் மாமி."

வாசலுக்கு வந்ததும் தேசிகனின் கை பழக்கத்தில் மார்புக்குப் போனது.

"கையைக் கீழே போடுங்கோ" என்றாள் நாமகிரி. "என் டீச்சர் வேலையை விட வெச்ச கை அது. எங்கம்மா காரியத்துக்கு என்னைப் போகவிடாத கையும் அதுதான். இனிமே ஆவணியில பொண்ணைத் தாரை வார்க்கத்தான் அது எழும்பணும்."