ஏட்டையா எடுத்த போர்வை

குற்றாலம் லாட்ஜில் தங்கிய மூன்று நாளும் ஏட்டு மகாராஜா போர்வைப் புராணம்தான் பாடினார்.

"ஏட்டி அனுசியா, மேல கெடக்குறதே தெரியல பாத்தியா? இந்தச் சாரல்லயும் ஒரு ஈர வாடை உண்டா? கால்மாட்டுல மடிச்சு விட்டிருக்க அழகப் பாரு. இந்த லாட்ஜுக்காரங்ககிட்ட படிச்சுக்கோ."

"படிச்சுக்கிடுதேன்," என்று மனைவி தலையைத் துவட்டினாள்.

கிளம்பும் அன்று, அவள் குளியலறையில் இருந்த நேரம் பார்த்து, மகாராஜா போர்வையைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்தார். இருபது வருஷமாகக் களவாணிகளைப் பிடித்த கை ஜிப்பை இழுத்து மூடியது.

இருவரும் படியிறங்கி வாசலை நெருங்கும்போது, அறை கூட்டும் உலகம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார், நில்லுங்க. அந்தப் போர்வை..."

வரவேற்பறையில் நின்ற பத்துப் பேரும் திரும்பினார்கள். வேலையே போச்சு என்று ஏட்டுக்கு வேர்த்தது. பையைத் திறந்து போர்வையை மேஜைமேல் வைத்தார்.

"தெரியாம எடுத்துட்டேம்மா. ஸ்டேஷனுக்குச் சொல்லிராதீங்க."

உலகம்மாள் முழித்தாள். "இது உங்க போர்வைதான சார்? வந்தன்னைக்கே அக்கா எங்க கம்பளியத் திருப்பிக் குடுத்துட்டு இதத்தான விரிச்சாவ. மறக்காம எடுத்துக்கிட்டியளான்னு கேக்க வந்தேன்."

மகாராஜா மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருசமா நம்ம கட்டில்ல கெடக்கது," என்றாள் அனுசியா. "அங்கன கொசுவலை மாதிரி இருக்குன்னு சொல்லி, பாக்காமலே கால்ல எத்திவிடுவிய. போகட்டும், இப்ப களவாங்குற அளவுக்காவது பிடிச்சிருக்கே."