இருநூறு ஃபாரம்

முத்திருளன் எழுந்து பல் விளக்கினான். காப்பி போட்டுக் குடித்தான். ஏழரை மணி பஸ்ஸில் நாகமலையிலிருந்து மதுரைக்குப் போனான்.

கேமரா கம்பெனியில் அவன் விற்பனைப் பிரதிநிதி. மெட்ராஸ் மேனேஜர் புது மாடலோடு வந்திருந்தார்.

"நம்ம கேமரா மதுரைப் பக்கம்தான் அதிகமா விக்கிது. அதான் உங்க ஊர்ப்பேச்சைக் கேட்டு டைமரை எடுத்துட்டோம். பொத்தானை அமுக்கிட்டு ஓடிப்போய் நாமளும் நிக்கிற வசதியை, வாடிக்கையாளர்கிட்ட கருத்துக் கேட்டு நீ அனுப்புன இருநூறு ஃபாரத்துல ஒருத்தர்கூடக் கேக்கலையே!"

"சார், அம்புட்டு ஃபாரத்தையும் நான்தான் வீட்டுல உக்காந்து நிரப்புனேன்."

மேனேஜர் சிரித்தார். "எல்லா ஊர்லயும் அதாம்ப்பா நடக்குது. ஒருத்தரையாவது கேட்டியா?"

"ஒருத்தரக் கேட்டேன். டைமர் கட்டாயம் வேணும்னு சொன்னாங்க. நான்தான் எழுதல."

"ஒரு ஆள்தானே? வேற கேமரா வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ணிரு."

முத்திருளன் தலையாட்டினான்.

அந்த ஒருத்தர் அவன் மனைவி செல்லத்தாய். கல்யாணத்துக்குப் பிறகு அவளை அவன் எடுத்த படங்கள் நாற்பது. இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. போன மாசியில் பிரசவத்துக்குப் போனவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. கிளம்பிய அன்றும் வீட்டு வாசலில் நிறுத்தி அவளைப் படமெடுத்தான். அவள் கடைசியாகச் சொன்னதற்கும் சிரிக்கத்தான் செய்தான்.

"என்னைய மட்டும் எடுத்தது போதும். ரோட்டுல போற யாருகிட்டயாச்சும் கேமராவக் குடுத்துட்டு, நீங்களும் வந்து நில்லுங்க."