பால்பவுடர் டப்பா

அவள் மறுபடியும் டப்பாவைத் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் படியேறி வந்து சண்டை போட்டவர்கள்தான். விஷயம் தெரிந்த பிறகு வாயைத் திறப்பதில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. டப்பாவில் பாதிக்குத் தாதுப்பொடி. நங் நங்கென்று தட்டிவிட்டு, பொடிக்கு மேலே தண்ணீர் மினுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒரு பொட்டு இருக்காது. "பாருங்க மாமா" என்று மாமனாரிடம் நீட்டுவாள். அவரும் பாவம், தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து வைப்பார்.

அவள் தாது ஆலையில் ரசாயனப் பிரிவின் தலைவி. அங்கே தாதுவை மாவாக அரைத்துக் கழுவுவார்கள். மாவு அத்தனை நைசு என்பதால், எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியைத் தளர்த்த, சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைத் தேடிப் பிடித்துக் கலந்தவள் இவள்தான். மருந்து பட்டதும் தண்ணீர் பொடியை விட்டு வழுக்கிக் கீழே இறங்கிவிடும். வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடக்கிற குவியல், மறுநாளே கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. ஆலையே கைதட்டியது.

கப்பலில் சரக்கு அதிகாரியாக இருந்த அவள் கணவன், அன்றிலிருந்து அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டான்.

மருந்து போட்ட முதல் குவியல் அவன் கப்பலுக்கே போனது. குவியலின் உச்சியில் ஏறி நின்று கை கையாக அள்ளி வந்து, உலர்த்தி எடைபோட்டு, ஈரம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று அனுப்பி வைத்தவளும் அவள்தான். அன்று அத்தனை பெருமை அவளுக்கு.

இருந்தாலும் அவன் கிளம்பும்போது வாசல்வரை போய்ப் பாடம் எடுத்தாள். ஈரத் தாதுவை அலை குலுக்கக் குலுக்க அது கூழாகிவிடும், ஒரு பக்கமாகச் சரிந்து கப்பலையே கவிழ்த்துவிடும். அதனால் ஏற்றும்போதே கொஞ்சம் அள்ளி ஒரு டப்பாவில் போட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மேலே வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அவனுக்குத் தெரியாததா? சிரித்துக்கொண்டே, சரிங்க டாக்டரம்மா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கப்பல் கவிழ்ந்துவிட்டது. சரக்கு கூழாகிவிட்டதாம். விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னது அவள் மண்டையில் ஏறவேயில்லை. அன்று அள்ளியதில் மிச்சத்தை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து இப்படித் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கப்பலின் சமையல்காரர் தேடிக்கொண்டு வந்தார். உயிர் பிழைத்த சிலரில் அவரும் ஒருவர். மாமனார் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்து, தானே டீ போட்டுக் கொடுத்தார். தரையில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் சமையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவனைப் பற்றித்தான் பேச்செல்லாம். சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்தால் மனைவி புராணம்தானாம். சூப் தண்ணியாக இருந்தால்கூட, டாக்டரம்மாவிடம் மருந்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டுச் சமையல்காரரின் மானத்தை வாங்குவானாம். மாமனார் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. "உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அவர் தட்டிப் பார்த்தாரா, இல்லையா?"

சமையல்காரர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டிப் பார்க்கவில்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்து அரித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. எதிலும் அலட்சியம், எல்லாமே விளையாட்டு, சொன்ன ஒரு சொல்லைக் கேட்டதுண்டா என்று பொரிந்து தள்ளினாள்.

"ஒரு நிமிஷ வேலை. அதைச் செஞ்சிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பார். செய்யாமப் போயிட்டாரே, அவரை நான் எப்படி மன்னிக்கிறது?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். போன பிள்ளைக்கு இந்தப் பேச்சும் வேண்டுமா என்று முணுமுணுத்தார். சமையல்காரருக்கும் அது பொறுக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. டப்பா குடுத்ததே நான்தான். பால்பவுடர் டப்பா."

அவள் நிமிர்ந்தாள்.

"கடைசி லோடு ஏறுறப்போ குவியலோட அடியை வழிச்சுப் போட்டாங்க. அதுல கொஞ்சம் அள்ளித் தட்டினார். தண்ணி மேல வந்துச்சு."

அடி. மருந்து பிரித்துவிட்ட தண்ணீர் முழுக்க அங்கேதான் போய்த் தேங்கியிருக்கும். உச்சியில் நின்று அள்ளியவளுக்கு அது தோன்றவேயில்லை.

மாமனார்தான் கேட்டார். "அப்புறம் ஏன்ப்பா ஏத்துனான்?"

கேப்டன்கூட நிறுத்திவிடலாம் என்றுதான் சொன்னாராம். மீதியைச் சமையல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தார்.

"'டாக்டரம்மா பார்த்து அனுப்பினது, தப்பா இருக்காது'ன்னுட்டார்."