கண்ணாடிக் கூண்டு

மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. பழைய இடத்திலிருந்து சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டிப் பெருக்கும் காத்தாயியின் கண் முழுக்க, வலையைத் தோளில் போட்டு நிற்கும் மீனவர் பொம்மையின் மேல்தான். அவள் புருஷனை நிற்கவைத்துச் செய்த பொம்மை அது. செய்த மறுவருஷம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை; உடம்பும் கரை ஒதுங்கவில்லை. கருமாதி செய்யச் சொன்ன சொந்தக்காரர்களை, "எதைப் பார்த்துச் செய்யறது?" என்று கேட்டு வாயடைத்துவிட்டாள். தாலியையும் கழற்றவில்லை. தினம் காலையில் ஈரத்துணியால் அந்த முகத்தைத் துடைத்துவிடுவாள். காதுக்குப் பின்னால்கூடத் தூசி தங்காது.

"புது இடத்துல இதுக்குக் கண்ணாடிக் கூண்டு காத்தாயி, பூட்டு போட்டது. இனிமே நீ துடைக்கவே வேணாம்," என்றார் காப்பாட்சியர், அவளுக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில்.

ஆட்கள் பொம்மையைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். தலை வாசலைப் பார்த்து இருந்தது.

"திருப்புங்கப்பா. கால் முன்னாடி போகட்டும்," என்றாள் காத்தாயி.

முன்னால் பிடித்திருந்தவன் திகைத்துப்போனான். "பொணத்தையில்லக்கா அப்படி எடுப்பாங்க?"

அவள் அந்த முகத்தை இன்னொரு தரம் துடைத்தாள். "திருப்பு," என்றாள்.

வாசலைத் தாண்டி அவள் போகவில்லை. லாரி தெருமுனை திரும்பியதும் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாள்.

"நாளைக்கு இடிக்கப்போற கட்டடத்தை எதுக்கு இப்போ கழுவறே?" என்று காப்பாட்சியர் சத்தம் போட்டார்.

காத்தாயி இன்னொரு வாளி எடுத்துவரப் போனாள்.